மணிக்கட்டில் கட்டிய மோட்டார்

பழைய போனைத் திறந்தால் ஒரு மூலையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மோட்டார் இருக்கும். அதனுள்ளே ஒரு பக்கமாக ஏற்றிய சின்னப் பாரம். அது சுழலும்போது மோட்டார் முழுவதும் அதிரும். போன் அதிர்வது அதனால்தான். கல்முனைச் சந்தைப் பக்கம் போன் திருத்தும் கடையில் போய் அதைக் கேட்டேன்.

"தங்கச்சி, இது உங்களுக்கு எதுக்கு? வீட்டில ஆம்பிளப் புள்ள இருந்தா அனுப்புங்க, சொல்லிக் குடுக்கிறன்."

"ஆம்பிளப் புள்ளைக்குப் படிப்பிக்க எனக்கு நேரமில்ல காக்கா. ரெண்டு தாங்க."

உம்மாவுக்குக் காது கேட்காது. நான் பிறப்பதற்கு முன் வந்த காய்ச்சலோடு போனது. பேசுவார், உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வார், வீட்டிலிருந்தே அபாயா தைப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். கொழும்புப் பக்கம் பொறியியல் படிக்க இடம் கிடைத்ததும் உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன், என் மாமா, முடிவு சொல்லிவிட்டார்.

"வீடு உனக்குத்தான். உன்னக் கட்டுறவனும் இஞ்சதான் வந்து இருக்கப் போறான். உம்மாட காது நீதானே. வெளியூர் போய் என்னத்தப் படிக்கிற?"

காதாக இருப்பதற்கு நான் படிக்கவில்லை.

கேட்டில் ஒரு மணிப் பொத்தான் வைத்தேன். அழுத்தினால் உம்மாவின் மணிக்கட்டுப் பட்டியில் மோட்டார் அதிரும். நானே அழுத்திப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். வேறு ஒருவரும் அழுத்தவில்லை. எங்கள் ஊரில் யார் மணி அடிக்கிறார்கள்? வெளியே நின்று மூன்று தரம் ஸலாம் சொல்வார்கள். பதில் வராவிட்டால் திரும்பிப் போவதுதான் மரியாதை. நானும் பிறர் வீட்டு வாசலில் அப்படித்தான் நிற்பேன். இருந்தும் பொத்தான் வைக்கும்போது அது நினைவில் வரவேயில்லை. தைக்கக் கொண்டுவந்த துணியோடு ஒரு பெண் திரும்பிப் போனதை அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் அறிந்தேன்.

"மணியோட படிப்பும் முடிஞ்சிதா?" என்று மாமா சிரித்தார்.

முடியவில்லை. பொத்தானைக் கழற்றிவிட்டு, சத்தத்தை உணரும் மைக் ஒன்றைப் பொருத்தினேன். ஸலாத்துக்கு மோட்டார் அதிர்ந்தது. மீன்காரரின் ஹோர்னுக்கும் அதிர்ந்தது. காகத்துக்கும்.

மாமா அதையும் சோதித்துப் பார்த்துவிடுவதென்றே வந்தார். கேட்டில் நின்று வேண்டுமென்றே மெல்லிய குரலில் ஸலாம் சொன்னார். ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் கொஞ்சம் உரக்கச் சொன்னார். உம்மா தையலை விட்டு எழும்பிப் போய்க் கேட்டைத் திறந்தார்.

மாமா அதற்கும் மசியவில்லை. உம்மாவுக்கு உதடு தெரியச் சொன்னார்: "காகம் கத்தினாலும் ஓடி வாறியாமே. ஊரே சிரிக்குது."

"ஓம், வாறன். காகத்துக்கும் கேட்டைத் திறக்கிறன். சிரிக்கிற ஆக்கள் சிரிக்கட்டும். என்ட புள்ள போறா."

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் மாமா திரும்பினார். உம்மா என்னைப் பார்த்தார்.

"என்னகா பார்த்திட்டு நிக்கிறாய்? போய்ப் பெட்டிய அடுக்கு."