நடுங்குகிற கையும் ஒரு போன் நம்பரும்

என் பிழைப்பே சந்தேகம்தான். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, வண்டிக்காரர் சொல்லும் கதையும் வண்டியில் இருக்கும் நசுங்கலும் ஒத்துப்போகிறதா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவன் நான். "மாடு குறுக்க வந்துருச்சுண்ணே" என்று மதுரையைச் சுற்றி எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். அத்தனை மாடு இந்தப் பக்கம் கிடையாது.

ஆகவே, எனக்கு மனசுக்கு மாத்திரை எழுதித் தருகிற டாக்டர் ஒரு போன் நம்பரைக் கொடுத்து "சும்மா பேசிப் பாருங்க" என்றபோது எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப்போல மாத்திரை சாப்பிட்டு, பிறகு தேறியவர்களே அந்த லைனில் எடுப்பார்களாம். உயிருக்கு ஆபத்தென்றால் வேறு நம்பர் உண்டு. இது வெறுமனே பாரமாக இருக்கிறவர்களுக்கு. காசு கிடையாது, பேர்கூடச் சொல்ல வேண்டாம். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நினைத்துக்கொண்டு நம்பரைச் சட்டைப் பையில் போட்டேன்.

அப்போதுதான் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தங்கையைக் கொடுத்திருப்பது டி. கல்லுப்பட்டியில். தாய்மாமன் நான் ஒருவன்தான். பிள்ளையை என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாத்திரையால் என் கை நடுங்கும். கூட்டத்தைக் கண்டால் இன்னும் அதிகம். என் மனைவியைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் தைராய்டு என்று சொல்லிவந்தேன். போகாவிட்டால் தங்கைக்கு அந்த வீட்டில் காலத்துக்கும் தலைகுனிவு. போனால், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சபை நடுவில் நடுங்க வேண்டும். பயமாக இருந்தது.

கோச்சடையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். அண்ணே என்றார், சரி. ஆனால் எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்கவேயில்லை. மதுரையில் தீப்பெட்டி கேட்டால்கூட ஊரை விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஊரைக் கேட்காதவர் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. தங்கை வீட்டார் ஏவிவிட்ட ஆளோ? கடைசியில் லோன் வேண்டுமா என்பாரோ? வண்டிக்காரர்களை மடக்குகிற மாதிரி மடக்கினேன்.

"நீங்களும் மாத்திரை சாப்பிட்டீகளா?"

"ஆமாண்ணே."

"கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சு."

நான் எடுத்துக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல யாராலும் முடியும். பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் பொய் சொல்கிறவர்கள் தானாக இட்டுக்கட்ட ஆரம்பிப்பார்கள்.

கொஞ்சம் பொறுத்து அவர், "விசேஷ வீட்ல கப்புல பாயசம் கொண்டாந்தா வேணாம்னுருவேண்ணே. பாயசம்னா எனக்கு உசுரு. ஆனா கப்பத் தூக்கணும்ல" என்றார்.

பொய்யில் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தும். நடந்த விஷயத்தில்தான் இப்படி ஒன்றுக்கும் உதவாத துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நானும் பாயசம் குடித்து வெகுநாளாகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காதுகுத்தைப் பற்றிச் சொன்னேன். போ என்றோ போகாதே என்றோ அவர் சொல்லவில்லை. மாத்திரை விஷயத்தைத் தான் முதலில் தன் அக்காவிடம் மட்டும் சொன்னதாகச் சொன்னார், அவ்வளவுதான். இந்தப் பேச்சை ரெக்கார்டு செய்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். முழுக்க நம்பாமல்தான் போனை வைத்தேன்.

காதுகுத்துக்கு முந்தின நாளே கல்லுப்பட்டிக்குப் போய்த் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப நீ குடிக்கலையாண்ணே? இங்க அம்புட்டுப் பேரும் நீ குடிக்கிறன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்காக. குடிகாரன் மடியில பிள்ளைய வைக்க விடமாட்டேன்னு எங்க அத்தை ஒத்தக் கால்ல நிக்கிறாக. தெனமும் சண்டை."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுத் திரிந்த என்னை ஊரே சந்தேகப்பட்டிருக்கிறது. நடுங்கும் கை, விசேஷங்களுக்கு வராமல் ஒதுங்குவது, வந்தாலும் பந்தியில் உட்காராமல் நழுவுவது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

"அத்தைட்ட நான் சொல்லிரவா?" என்றாள்.

யோசித்தேன். குடிகாரன் என்று தெரிந்தே பெண் கொடுக்கிற ஊர் இது. மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவனை அப்படி யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் குடிகாரனாகவே இருந்துவிட்டால் பிள்ளை என் மடிக்கு வராது. நானே சொல்கிறேன் என்றேன்.

தங்கையின் மாமியார் அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அத்தை, நான் குடிக்கிறதில்ல. மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிடுறேன். அதுல கை நடுங்குது" என்றேன். அவர் எழுந்து கிட்டே வந்து, ஒளிவுமறைவில்லாமல் என் வாயை மோந்து பார்த்தார்.

"இதைச் சொல்றதுக்கு இம்புட்டு நாளா ஒனக்கு?" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை.

மறுநாள் அவரேதான் பிள்ளையைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். ஆசாரி கம்பியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டு உதைத்தது. என் கை நன்றாகவே நடுங்கியது, சபையே பார்த்தது. எங்கே தவறவிட்டுவிடுவேனோ என்று அவர் தன் கையைப் பிள்ளைக்கு அடியில் கொடுத்தார். இரண்டு காதும் குத்தி முடிகிறவரை எடுக்கவில்லை. என்னை நம்பாமல் கொடுத்த கைதான். அது இல்லாமல் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடிந்திருக்காது.