தாழ்ப்பாள்

நடைக்கூடத்தில் பாதி தூரம் போனவள் திரும்பி வருகிறாள். செல்கள் வளரும் வெப்பப் பெட்டியின் கதவை உள்ளங்கையால் அழுத்துகிறாள். "மூடிட்டேன்ல?"

"நீ மூடினத நானே பாத்தேன் தாயே, கெளம்பு" என்கிறேன். இன்னொரு முறை அழுத்திவிட்டுத்தான் சாப்பிட வருவாள். ஆய்வகத்தில் இளையவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் தாழ்ப்பாள். அது அவளுக்கும் தெரியும். யாராவது குளிர்பெட்டியைத் திறந்துபோட்டால், "தாழ்ப்பாள் இல்லாத வீடாடா இது?" என்று அவளே அதட்டுவாள்.

உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் படிக்கிறாள். எனக்குப் பக்கத்து மேசை. செல்லுக்குள் புரதம் நீள நூலாகப் பிறக்கிறது. சரியாக மடிந்தால்தான் அது வேலைக்கு ஆகும். மரபணுவில் சில எழுத்துகள் திக்குவாய்போலத் திரும்பத் திரும்ப வந்துவிட்டால், நூலுக்கு வேண்டாத வால் முளைத்துவிடும். பிறகு அது மடியாது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மூளைச் செல்கள் சாகும். பரம்பரையாக வரும் நோய் அது. கோணலாக மடிந்ததை நீவிச் சரிசெய்ய செல்லிலேயே உதவிப் புரதங்கள் உண்டு. அவை ஏன் ஒரு கட்டத்தில் தோற்றுப்போகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கேட்பவர்களிடம், "இஸ்திரிக்காரரு ஏன் பாதியில கைவிடுறாருன்னு பாக்குறேன்" என்பாள்.

ஏன் இந்த நோயை எடுத்தாள் என்பதை ஒருநாள் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அப்பா பேருந்து ஓட்டுநர். முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தார். பிறகு கதவைப் பூட்ட மறந்தார். அதன்பின் கைகால்கள் தாமாக ஆடத் தொடங்கின.

"ஒரு சொட்டு தொட்டதில்ல அவரு. தெருவே குடிகாரன்னுச்சு. அம்மாவே வாய மோந்து பாத்தாங்க."

இப்போது அண்ணனுக்கும் வந்துவிட்டது. மின்வேலை செய்பவர், அவரை ஏணியில் ஏற விடுவதில்லை.

"அதான் அண்ணனுக்கு வந்துருச்சே, உனக்கு வராது" என்று உளறினேன்.

"பாகப்பிரிவினையா இது? ஆளாளுக்குத் தனியா பூவா தலையான்னு காசு சுண்டுறாங்க. எனக்கும் சுண்டியாச்சு. கவுந்து கெடக்கு, அவ்வளவுதான்."

மரபணுவைப் படித்துச் சொல்லும் கருவி பக்கத்து அறையிலேயே இருக்கிறது. ஊரார் ரத்தத்தையெல்லாம் அதில் அவள்தான் ஏற்றுகிறாள், தன்னுடையதை மட்டும் ஏற்றியதில்லை.

"பாத்துட்டா, அப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியாதே" என்றாள்.

சென்ற மாதம் ஒரு குடுவை அவள் கையிலிருந்து நழுவி உடைந்தது. எங்களுக்கு வாரம் ஒன்று உடையும். அவளோ அசையாமல் நின்று தன் விரல்களையே பார்த்தாள்.

"கையுறை ஈரம். அதான் வழுக்குச்சு. ஈரந்தானே? தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"ஆமா, ஈரம்" என்றேன்.

அடுத்த வாரம் அண்ணன் ஆய்வகத்துக்கு வந்தார். அந்தக் கட்டிகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். "பெரிய அதிகாரி மாதிரி கைய ஆட்டிட்டு வரேன் பாரு" என்று தன் நடையைத் தானே கேலிசெய்துகொண்டு நுழைந்தார். விளக்கை அணைத்து, நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாள். செல்களுக்குள் கட்டிகள் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். அவர் குனிந்தார். கண் பதிவதற்குள் தலை வெட்டி இழுத்தது. மறுபடி குனிந்தார். மறுபடி இழுத்தது.

"நிக்க மாட்டேங்குது பாப்பா. எப்பிடி இருக்குன்னு நீயே சொல்லிடேன்."

அவள் அவர் பின்னால் போய் நின்றாள். இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பற்றித் தன் வயிற்றோடு ஒருகணம் சேர்த்துப் பிடித்தாள். பிறகு மெல்ல முன்னால் கொண்டுபோய் நுண்ணோக்கியின் கண்ணாடியில் அவர் கண்ணைப் பொருத்தினாள்.

"இப்பப் பாருண்ணா."

அவர் தோள் ஆடியது, முழங்கால் மேசையில் இடித்தது. தலையை மட்டும் அவள் விடவில்லை.