குழாய்க்குள் கோணிச்சாக்கு

வீட்டுப் புகையை வெளியே அனுப்பக் குழாய் மாட்டுவது என் தொழில்; அதை அடைத்து வைப்பது வீட்டுக்காரர்கள் தொழில். விறகடுப்பில் கண் கசக்கியவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். சேலத்து மலைமேல் ஒண்டிக்கடைப் பக்கம் எனக்குத் தகரப் பட்டறை. பக்கத்து ஊரான செம்மநத்தத்தில் ஒரே வீட்டில் பட்டதைச் சொல்கிறேன்.

பீடி யாருடையது

அந்த வீட்டுக் குப்பாயிக்கு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். சேலத்து டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்து, "பீடி எத்தனை வருஷமா?" என்றாராம். அந்தம்மா பீடியைத் தொட்டதே இல்லை. அப்படியானால் அடுப்புப் புகைதான், கெட்ட நுரையீரல் திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அளவெடுக்கப் போனேன். புருஷன் சடையன் என்னை வேலியோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"ஏனுங்க மேஸ்திரி, எம் பீடிக்கட்டு அப்பப்பக் குறையுதுங்க. இவ பொய் சொல்றாளோங்க?"

வண்டு வைத்தியம்

குழாய் போட்டேன். புகை ஒழுங்காகக் கூரைக்கு மேலே போயிற்று. கொஞ்ச நாளில் குப்பாயி ஆளனுப்பினாள்: ஊடெல்லாம் புகை, இருமல் விடவில்லை. ஏறிப் பார்த்தால் குழாய்க்குள் கோணிச்சாக்கு, சடையன் அடைத்தது.

அடுப்புக்கு மேலே பரணில் விதைக்கு வைத்த ராகி. புகை பட்டால் வண்டு அண்டாது. மலையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கீழே ஒருத்தி இருமிச் சாகிறாளே. சாக்கை உருவி அவன் காலடியில் போட்டுக் கத்தினேன்.

"விதை போனா வெள்ளாமை போச்சுங்க. இவ இருமுனா வண்டு பயந்து ஓடுமுங்களா?"

ஈர விறகு

சாக்கு மறுபடி ஏறியது. இந்தத் தடவை குப்பாயி ஆளனுப்பவில்லை. மாட்டுக்கொட்டகையில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாக்கு இறங்கும்வரை அடுப்படிக்கு வரமாட்டாளாம். சமையல் அவன் பாடு.

சேதி கேட்டு நான் போனபோது மழை. விறகு ஈரம். உள்ளே சடையன் களி கிண்டுகிறான். இருமல் மட்டும் கேட்கிறது, ஆளைக் காணோம். கடைசியில் களி கிண்டிய துடுப்போடு வெளியே பாய்ந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். என்னைப் பார்க்கவில்லை, ஏணியைத்தான் தேடினான். சாக்கை அவனே பிடுங்கி எறிந்தான். விதைக்கு மூடி போட்ட தகர டின் செய்து தரச் சொன்னான். சாம்பலும் நொச்சி இலையும் கலந்து வைத்துக்கொள்வானாம்.

குப்பாயி கட்டிலை விட்டு எழாமலே புருஷனிடம் சொன்னாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களே. இன்னுங்கொஞ்சம் நின்னிருந்தா உங்களையும் வண்டு அண்டாதுங்க."

அவளுக்கு மேடேறினால் இன்றும் மூச்சு வாங்குகிறது, அடுப்படியில் இருமல் இல்லை. டாக்டர் சொல்லியும் நான் கத்தியும் இறங்காத சாக்கு ஒரு சட்டிக் களியில் இறங்கிவிட்டது.