மரத்துக்கு விற்ற பெண்

சாத்தி என் கணவரின் அண்ணன் மனைவி. எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு விற்கப்பட்டவள் என்று பொருள். அவளுக்கு முன் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதனால் அவள் அம்மா, குழந்தை பிறந்த கையோடு மேட்டிலிருந்த ஜூனிபர் மரத்தடியில் அதைக் கிடத்தி, கிளையில் ஒரு துணியை முடிந்து, "இனிமே இது உன் பிள்ளை, நீயே காப்பாத்து" என்று விற்றுவிட்டாள். சாத்தி பிழைத்துக்கொண்டாள். அந்த மரம் சாய்கிற அன்று அவளும் போய்விடுவாள் என்பது எங்கள் டாரஸ் மலையில் எல்லாருக்கும் தெரியும்.

நாங்கள் மரவெட்டிகள். ஆனாலும் மரத்தின்மேல் கை வைத்து மன்னிப்புக் கேட்காமல் கோடாலியை ஓங்கமாட்டோம். கேட்காமல் வெட்டுகிறவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை. சாத்தி ஆண்களுக்குச் சமமாக வெட்டுவாள், வாய் அதற்கும் மேல். அவள் மகன் ஜாஃபர் மேல் ஒரு பைன் மரம் சாய்ந்தது. அன்றோடு அவள் பேச்சு அடங்கியது. அழவும் இல்லை. கொடுத்தால் சாப்பிடுவாள், கூப்பிட்டால் வருவாள், அவ்வளவுதான்.

இந்த வசந்தத்தில் சாலை போடுவதற்காக அந்த மேட்டு மரத்தை வெட்டச் சொல்லி வனத்துறை ஆட்கள் முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். எங்களில் ஒருவனும் அசையவில்லை.

"நான் வெட்டறேன்" என்றாள் சாத்தி.

மகள் யெதெர் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நான் ஒருத்தி இருக்கேங்கற நெனப்பு இருக்கா உனக்கு?"

"இருக்கு. காலை விடு."

"அக்கா, மெஷின் கொண்டாந்து அவனுங்களே வெட்டிக்கட்டும். உனக்கென்ன தலையெழுத்து?" என்றேன்.

"அவனுங்க மன்னிப்புக் கேக்காம வெட்டுவானுங்க. நான் கேட்டுட்டு வெட்டுவேன்."

அதையும் நம்பினேன். என்னைப்போல் ஒரு மடச்சி உண்டா?

அவள் தலைக்குக் குளித்தாள். தோட்டைக் கழற்றி யெதெர் கையில் வைத்தாள். அடிமரத்தில் கை வைத்து வெகுநேரம் நின்றாள். பிறகு வெட்டினாள். யார் யாரோ வேண்டிக்கொண்டு முடிந்த துணிகளோடு மரம் சரிவில் விழுந்தது. சாத்தி வீட்டுக்கு வந்து தரையைக் கூட்டி, படுக்கை விரித்து, கையை மார்பில் வைத்துப் படுத்தாள். நானும் யெதெரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அடுப்புப் பற்றவைக்கவில்லை. எப்போது தூங்கிப்போனோமோ தெரியவில்லை.

விடிந்ததும் யெதெர் பயந்துகொண்டே அவள் தோளைத் தொட்டாள். சாத்தி கண்ணைத் திறந்தாள். யெதெர் சந்தோஷத்தில் கதறிக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். சாத்தி கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த மரத்துக்கும் நான் வேண்டாமாடி?" என்றாள். ஜாஃபர் செத்த பிறகு அவள் அழுதது அப்போதுதான்.

யெதெர் அவள் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.