தென்னேரி முகாமில் கட்டிய கட்டு

மேரியின் கைகள் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒரு கெஜச் சதுரமாகக் கிழித்து, மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டுத்துணி கிடைக்கும். பன்னிரண்டு தேறிவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாவட்டக் கமிஷனர் அம்மாள் முகாமைப் பார்வையிட வருகிறார். அதற்குள் குறைந்தது இருபது வேண்டும்.

நாலு மணிக்கு டீக்கு விசில் ஊதியாயிற்று. புளியமரத்தடியில் பெண்கள் டம்ளரோடு உட்கார்ந்துவிட்டார்கள். விறகு பொறுக்கப் போன ஆறு பேர் மட்டும் இன்னும் வரவில்லை. மேரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பதினைந்து.

அது அறுபத்தெட்டாம் வருஷம், அரையாண்டு லீவு. மழை பெய்து ஓய்ந்து தென்னேரி ஏரி நிறைந்திருந்தது. காஞ்சிபுரத்துப் பெண்கள் பள்ளியின் சாரணியர் படை மூன்று நாள் முகாமுக்கு வந்திருந்தது. இருபத்திரண்டு பெண்கள், துணைக்குப் பெரியநாயகி டீச்சர். கேப்டன் மேரி.

மேரி அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. ஊரில் ஒரு பிரசவ விடுதியில் மிட்வைஃப். "பசங்களுக்கு முதலுதவி சொல்லிக்குடுங்க நர்ஸம்மா, நாலு வாரம் போதும்" என்று தலைமையாசிரியை கேட்டார். நாலு வாரம் ஏழு வருஷமாயிற்று. சம்பளம் கிடையாது. இரவெல்லாம் பிரசவம் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவாள். கண்டிப்புக்காரி. நகத்தில் அழுக்கு இருந்தால் ஒரு மார்க் போகும், ஸ்கார்ஃபில் கறை இருந்தால் இரண்டு. அன்று காலைகூட அணித்தலைவி கமலாட்சியின் ஸ்கார்ஃபில் குழம்புக் கறையைப் பார்த்துவிட்டு, ஏரிக்கு அனுப்பித் திரும்பத் துவைக்க வைத்திருந்தாள்.

இந்த முகாமுக்குப் பெண்களைக் கிளப்புவதற்குள் அவளுக்கு உயிர் போயிற்று. நெசவுத் தெருவில் லீவு என்றால் வீட்டில் இரண்டு கை கூடுதல் என்று அர்த்தம். ஒவ்வொரு வீடாகப் போய்க் கெஞ்சினாள். வீரபாகு தறிக்குழியில் இறங்கி நெய்துகொண்டே அவள் பேச்சைக் கேட்டார். அவர் மகள் ஏலவார்குழலிக்குப் பன்னிரண்டு வயது. கேப்டன் வந்த சந்தோஷத்தில், படையில் கற்றபடி கைகுலுக்க இடது கையை நீட்டினாள்.

"இன்னாடி, பீச்சாங்கைய நீட்டுறே? இதான் நர்ஸம்மா கத்துக்குடுத்ததா?"

"இடது கைதான் நெஞ்சுக்குப் பக்கம்னு எங்க வழக்கம்ங்க" என்றாள் மேரி.

"நெஞ்சுக்குப் பக்கம்னு அந்தக் கையால சோறு துன்னுவீங்களா?"

அப்புறம் அவரே சிரித்துவிட்டார். இழைக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த தறி நாடாவை நிறுத்தினார்.

"கூட்டிக்கினு போங்க. ஆனா கை காலு பத்திரம்மா. நாளைக்கு இந்தக் குழியில மிதிக்கிற காலு அது."

"எப்படிக் கூட்டிட்டுப் போறேனோ அப்படியே கொண்டாந்து விடறேன்" என்று மேரி சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. பிரசவ விடுதியில் யாரிடமும் அவள் அப்படி வாக்குக் கொடுத்ததில்லை.

நாலு இருபத்தைந்துக்குக் கரைமேல் கூச்சல் கேட்டது. நாலு பெண்கள் ஏலவார்குழலியைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கமலாட்சி முன்னால் ஓடி வந்தாள்.

"அக்கா! கேப்டன் அக்கா! பாம்பு கடிச்சிருச்சுக்கா!"

"எந்தப் பாம்பு?"

"கறுப்பா வாலு மட்டும் பாத்தோம். புதர்ல பூந்துக்கிச்சு."

"எப்ப?"

"நீங்க டீக்கு விசில் ஊதுனப்போ. ஒடனே கட்டுப் போட்டேன்க்கா. நீங்க சொன்ன மாரியே, இறுக்கி."

மேரி ஜமக்காளத்தில் பெண்ணைக் கிடத்திக் காலைப் பார்த்தாள். கணுக்காலுக்குப் பக்கத்தில் சேற்றோடு இரண்டு மூன்று கீறல். பாதம் வீங்கி நீலம் பாரித்திருந்தது. தொட்டால் சில்லென்றது. பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டாள். வெளுத்த நகம் சிவக்கவேயில்லை. பாதத்தில் நாடி இல்லை.

போட்ட கட்டு முதலில் கண்ணில் படவேயில்லை. முழங்காலுக்குக் கீழே தோலில் ஒரு பள்ளம்தான் தெரிந்தது. அந்தப் பள்ளத்துக்குள் சிவப்பாக ஏதோ மின்னியது. பட்டு நூல். நாலைந்து சுற்று சுற்றி, சதைக்குள் புதைந்திருந்தது.

"ஸ்கார்ஃப் எங்கடி? கழுத்துல எதுக்கு மாட்டியிருக்கே?"

கமலாட்சிக்கு அழுகை வந்துவிட்டது. "இப்பத்தான் தொவச்சதுக்கா. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். கறையானா மார்க்கு போயிடும். தறியில போடற பட்டுப் பாவுநூல் இடுப்புல சொருகியிருந்துச்சு. பட்டுக்குத் தீட்டு கெடையாது, அதான் சுத்தம்னு எங்கம்மா சொல்லும்."

திட்ட நேரமில்லை. மேரி முடிச்சைத் தேடினாள். அது படையில் கற்றுக்கொடுத்த முடிச்சு அல்ல. அறுந்த இழையை இணைக்கத் தறியில் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்ப்பதற்காகப் போடுவதே இல்லை. கைப்பழக்கத்தில் கமலாட்சி நுனியையும் பல்லால் கடித்துத் துப்பியிருந்தாள். பிடிக்க ஒரு நெல் அளவு வால்கூட இல்லை.

கத்தரிக்கோல் நுனி பள்ளத்துக்குள் போகவில்லை. பிளேடு வைத்தால் சதையும் சேர்ந்து அறும்.

இதற்குள் வயலிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் தணிகாசலம். ஏரிப் பாசனத்தில் பெரிய நிலக்காரர். முகாமுக்கு இடம் கொடுத்ததும் அவர்தான்.

"கட்டுல கை வெக்காதே! அவுத்தா வெஷம் தலைக்கு ஏறிடும். மந்திரிக்கிறவனுக்கு ஆள் அனுப்பியிருக்குது. அவன் வந்து பாக்கட்டும்."

"அவர் வர்றதுக்குள்ள கால் செத்துடுங்க."

"காலு போனா போவுது, உசுரு முக்கியமா இல்லியா? இன்னா பொம்பள நீ? வாலாஜாபாத் மில்லுல கூலிக்கு நெல்லு காய வெச்ச சின்னப்பையனோட மவதானே நீ? எனக்கே பாம்பப் பத்திச் சொல்றியா?"

"ஆமாங்க, அதே மவதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறையுது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தணிகாசலம் நகர்ந்தார். ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம் என்பது மேரிக்குத் தெரியும். அது நாகமாக இருந்து, நூலைச் சட்டென்று அறுத்துவிட்டால் பெண் போய்விடுவாள். அறுக்காமல் விட்டால் கால் போய்விடும். எது என்று சொல்லப் பாம்பும் பிடிபடவில்லை.

கிழித்து வைத்திருந்த கட்டுத்துணியில் ஒன்றை எடுத்து நாலு விரல் அகலத்துக்கு மடித்தாள். முழங்காலுக்கு மேலே சுற்றி, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கினாள். விஷம் இருந்தாலும் இது மெதுவாகத்தான் ஏற விடும். இனி நூலை எடுக்கலாம்.

"கமலாட்சி, இங்க வா. பாவுல சிக்கு வுழுந்தா எப்படி எடுப்பே?"

"ஊசியாலக்கா. ஒவ்வோர் எழையா."

மேரி தன் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். "எடு."

"நானாக்கா?"

"நீதான். எடு."

அந்தப் பெண் மண்டியிட்டு, மூக்கு தொடுகிற மாதிரி குனிந்தாள். ஊக்கு நுனி பள்ளத்துக்குள் போயிற்று. மயிரிழை மாதிரி ஒன்று மேலே வந்தது. மேரி அதைப் பிளேடால் அறுத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஏலவார்குழலி "அம்மா, அம்மா" என்று கத்தினாள். பெரியநாயகி டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினோராவது இழையில் முதல் சுற்று விட்டது. மற்றவை தாமாகவே தளர்ந்தன.

மேரி பெருவிரல் நகத்தை அழுத்தி, விட்டு, எண்ணினாள். ஆறு எண்ணும்போது மங்கலாக ஒரு சிவப்பு வந்தது.

ஐந்து மணி பஸ்ஸைத் தணிகாசலமே சாலை நடுவில் நின்று மறித்தார். "காஞ்சிபுரம் போறவரைக்கும் எங்கியும் நிறுத்தாதே" என்று டிரைவரிடம் சொன்னார். மேரியைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை துணிக்கட்டைத் தளர்த்தி மறுபடி கட்டினாள். நாக விஷம் ஏறினால் கண்ணிமை தொங்கும், நாக்கு குழறும். இமை தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

"தூங்காதடி. என் பேரு இன்னா?"

"கேப்டன் அக்கா."

"அது பேரில்ல."

"நகம் அழுக்கானா மார்க்கு கொறைக்கிற கேப்டன் அக்கா."

நாக்கு குழறவில்லை. மேரி அதைக் குறித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேணுகோபால் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜைமேல் நிறுத்தினார். உறைந்தால் நல்லது, உறையாவிட்டால் விஷம். மேரி அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் வீரபாகு வந்தார். சேதி தெரிந்து தறியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். மகளின் கால்மாட்டில் நின்றார்.

இருபது நிமிஷம் கழித்து டாக்டர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் நகரவில்லை.

"உறைஞ்சிடுச்சு. கண்ணு, பேச்சு, மூச்சு எல்லாம் சரியா இருக்கு. தண்ணிப் பாம்பாத்தான் இருக்கணும். ராத்திரி இங்கேயே இருக்கட்டும்." பிறகு காலில் ஓடிய பள்ளத்தைத் தொட்டார். "பாம்பு ஒண்ணும் பண்ணலை. இதுதான் பண்ணியிருக்கு. இந்தக் கட்டோடயே இங்க வந்திருந்தா பாதத்துக்கு நான் பொறுப்பு சொல்லியிருக்க முடியாது."

வீரபாகு அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினார், புடவையில் விழுந்த பழுதைத் தடவுவது போல.

"நூலு. யாரு கட்டினது?"

மேரி பேரைச் சொல்லவில்லை. "கழுத்துல ஸ்கார்ஃப் இருந்துச்சு. அதுல கட்டியிருந்தா இப்படி ஆயிருக்காது. அழுக்கானா நான் மார்க்கு குறைப்பேன்னு பயந்து நூல்ல கட்டினாங்க. அந்தப் பயம் நான் வெச்சது."

"அப்படியே கொண்டாந்து வுடறேன்னீங்க."

"சொன்னேன்."

"கோடு போவுமா?"

"போகலாம். போகாட்டியும் நடப்பா, மிதிப்பா."

அவர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து அவளுக்கும் இடம் விட்டார். விளக்கு வைத்த பிறகு ஏலவார்குழலி இட்லி கேட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மேரி தென்னேரிக்கு வந்தாள். பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வெந்நீர்ச் சொம்பை வைத்துத் தேய்த்த ஸ்கார்ஃபுகள் விறைப்பாக இருந்தன. கமலாட்சியின் கண் வீங்கியிருந்தது.

"அவ கால் நல்லா இருக்கு" என்றாள் மேரி. "எல்லாரும் கரைக்கு வாங்க. ஸ்கார்ஃபக் கழட்டுங்க. ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க. எதிர்ல இருக்கிறவ கால்ல கட்டணும், அவுக்கணும். அம்பது தடவ."

"கேப்டன், இன்ஸ்பெக்‌ஷன்!" என்று பதறினார் பெரியநாயகி டீச்சர். "தரையெல்லாம் சேறுங்க."

"தெரியும் டீச்சர்." மேரி சேற்றில் உட்கார்ந்து தன் காலை நீட்டினாள். "கமலாட்சி, எனக்கு நீ கட்டு."

ஒன்பது மணிக்கு ஜீப் சத்தம் கேட்டபோது இருபத்தோரு ஸ்கார்ஃபும் கசங்கிச் சேறாகியிருந்தன. நாலைந்து பெண்கள் எழுந்து மேரியைப் பார்த்தார்கள்.

"இன்னும் அம்பது ஆகல" என்றாள் மேரி. "கட்டுங்க."