மாஸ்டர் ஆம்ப் வாங்கினார்

அந்த ஓட்டலில் மாஸ்டர்கள் இரண்டு பேர். ஒருவர் சமையல். இன்னொருவர் மாலை வேளைகளில் சாப்பாட்டுக் கூடத்து மூலையில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பவர். இவர் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் தலை நரைத்து, கையில் ஒரு வாத்தியமும் இருந்துவிட்டால் நம்மவர்கள் கேட்காமலே பட்டம் கொடுத்துவிடுவார்கள். முன்பெல்லாம் யாராவது "மாஸ்டர்!" என்று கூப்பிட்டால் இருவரும் திரும்புவார்கள். இப்போது சமையல்காரர் மட்டுமே திரும்புகிறார். கிட்டார்காரருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாகச் சமையலறையில் பேச்சு.

சாப்பிட வருகிறவர்கள் அவர் பக்கத்து மேஜையைத் தவிர்க்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாஸ்டர், சவுண்டு காதைக் கிழிக்குது. நேத்து ஒரு அம்மா பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டாங்க."

"கிழிக்குதா? எனக்குப் போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரில்ல இருக்கு!"

"என்னவோ, சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா பாட்டுப் பெட்டியே போதும்னு முதலாளி சொல்றார். பெட்டி லீவு கேக்காது பாருங்க."

ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள்: குற்றவாளி, கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் அந்தப் பழைய ஆம்ப்தான். பீரோவுக்குத் தம்பி போல நிற்கும் அதன் மீது பழி போடுவது யாருக்கும் சங்கடமாக இல்லை. அது எதிர்த்துப் பேசாது.

கையில் தூக்கிப் போகிற மாதிரி, நாற்காலிக்கடியில் அடங்குகிற மாதிரி ஒன்று வேண்டும். மாலைக் கச்சேரியில் முதல் பாதி மரக் கிட்டார், பிறகு எலெக்ட்ரிக் கிட்டார்; இரண்டுக்கும் ஒத்துவர வேண்டும். மாஸ்டர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வாத்தியக் கடைக்குப் போனார். ஒரு கிட்டாரை அவள் சுமந்தாள்.

"வீட்டுல நான் கத்துறதுதான் காதுல ஏறுறதில்ல. கடைக்காரர் சொல்றதையாவது காது குடுத்துக் கேளுங்க" என்றாள். புருஷன் காதில் வாங்காதது எல்லா வீட்டிலும் உள்ள வியாதி என்றுதான் அவள் இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள்.

விற்பனையாளர் எதற்கும் மறுப்பு சொல்லாத மனிதர். முதல் ஆம்ப் ரேடியோ அளவு.

"எலெக்ட்ரிக்குக்குப் பரவாயில்ல. மரக் கிட்டாருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கே."

"ஆமா சார், கொஞ்சம் ஜலதோஷம்தான்."

இரண்டாவதில் உயிரே இல்லை என்றார் மாஸ்டர். "ஆமா சார், உயிர் கம்மி" என்றார் விற்பனையாளர். மூன்றாவதில் இரண்டு கிட்டாருக்கும் தனித்தனி வழி, தனித்தனிக் குமிழ்கள்; பேட்டரியிலும் ஓடும். மாஸ்டர் மரக் கிட்டாரைச் செருகினார். மேல் ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கும் ட்ரெபிள் குமிழைக் கடைசி வரை திருகிவிட்டு, ஆம்புக்கு நேரெதிரே நெருங்கி உட்கார்ந்து வாசித்தார். முகம் மலர்ந்தது.

"இதுதான்! மணி மாதிரி இருக்கு!"

கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். யாரோ ஒருவரின் தோளில் இருந்த குழந்தை வீறிட்டது. மாஸ்டர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே இருந்தார். மனைவி ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள்.

"ஏய், என்ன பண்றே? பாட்டு நடுவுல!"

"பெட்டி கத்துதுங்க. கீச்சுனு ஊளை விடுது. உங்களுக்குக் கேக்கலை?"

மாஸ்டர் விற்பனையாளரைப் பார்த்தார். அந்த 'ஆமா சார்' அன்றைக்கு முதல் தடவையாக வரவில்லை.

மறுபடி செருகினார். "கத்தும்போது கையைத் தூக்கு. நின்னதும் இறக்கு" என்றார். வாசித்தார். அவள் கை ஏறியது. குமிழைக் குறைத்ததும் இறங்கியது. கூட்டினால் மறுபடி ஏறியது. அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது.

"வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சு எத்தனை நாள் திட்டியிருக்கேன்..." என்றாள்.

"திட்டினியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "காது டாக்டரைப் பாக்கலாங்க."

"பாக்கலாம். மேனேஜர்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. செவிடன் வாசிக்கறதுக்கு எவன் மேடை போடுவான்?"

கடையின் மறுகோடியில் அவளைச் சாப்பிட வந்தவள் போல உட்காரவைத்து, இரண்டு கிட்டாரையும் மாற்றி மாற்றி வாசித்தார். அவள் முகச் சுளிப்பு அடங்குமிடம் வரை குமிழைக் குறைத்தார். அந்த இடத்தில் அவருக்கு எல்லாம் ஈரத்துணி பிழிகிற சத்தமாகத்தான் இருந்தது. அந்த ஆம்பையே வாங்கினார்கள். குமிழ் நகராதபடி அவள் சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டினாள்.

சனிக்கிழமை ஓட்டலில் அவர் கை பலமுறை குமிழ் பக்கம் போய்த் திரும்பியது. மெல்லிய தந்திகள் விரலுக்குத் தெரிந்தன, காதுக்கு வரவில்லை. வரவேண்டிய ஸ்வரத்தை ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்து கடைசி வரை சாப்பிட்டது. மேனேஜர் தூரத்திலிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டில் மனைவி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டாள், "எப்படி இருந்துச்சு?"

ஆம்பைக் கீழே வைத்தார்.

"நல்லா இருந்துச்சாம்" என்றார்.