ஏறி இறங்கும் தண்ணீர்

மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தவர், தன் வீட்டு வாசற்படியை ஒரு காலால் தொட்டுவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வந்த வழியே இறங்கிப் போகிறார். முதுகில் பெரிய பை. பைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கேன்கள் நிறையத் தண்ணீர். கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் அது குலுங்கிச் சத்தம் போடுகிறது. கீழே போய்த் தரையைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறுவார். கடையிலிருந்து வந்து சட்டையை மாற்றியதும் தொடங்குகிற இந்த வேலை, மாடிப்படி விளக்கைப் போடுகிற வரைக்கும் நடக்கும். உள்ளே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி தலையைத் திருப்புவதில்லை. சத்தத்தை வைத்தே அவர் எந்தத் திருப்பத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் குடியிருப்பில் அவருக்கு 'ஒட்டகம்' என்று பெயர். வைத்தவள் கீழ்வீட்டுக்காரி. கேலியாகத்தான் வைத்தாள். அவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "ஒட்டகத்துக்கு நான் எங்கம்மா ஈடு? அது குடிச்சு வச்சுக்கும். நான் தூக்கிக்கிட்டுல்ல போகணும்!" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் ஏறினார்.

பிழைப்பு, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது. ஜன்னல் இல்லாத அறை. சுழலும் கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் விரல் நுனிகள் எந்நேரமும் ஊறிச் சுருங்கியிருக்கும். ஊரில் பாதிப் பேருக்குத் தூரத்தைத் தெளிவாகக் காட்டியவர், தான் மட்டும் எதிர்ச்சுவருக்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு லாரிக்காரர் கீறல் விழுந்த கண்ணாடியோடு வந்து நின்றார். "மணல் காத்துங்க. வண்டிய நிறுத்தி எறங்கினா, கண்ணுக்கெட்டின தூரம் ஒண்ணுமே கிடையாது" என்றார். ஒன்றுமே இல்லாத இடம் என்று ஒன்று இருப்பதே நம்மவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பாலைவனத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நடந்தே கடப்பது என்று முடிவு கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சென்றால் தண்ணீர்ப் பேச்சுதான். வெயிலும் மணலும் ஆளைக் கொல்லாது, தண்ணீர்க் கணக்கில் வரும் பிசகுதான் கொல்லும் என்பார். எந்தக் கிணறு வற்றும், எது உப்புக் கரிக்கும், எங்கே லாரிச்சாலை நடைபாதைக்குப் பக்கத்தில் வருகிறது, அங்கே லாரிக்காரர் முன்னாலேயே போய் எத்தனை கேன்களைப் புதைத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மெல்லிய கேன் வெயிலில் வெடித்துவிடும் என்று கேள்விப்பட்டு, வீட்டிலிருந்த கேன்களையெல்லாம் கோடை முழுக்க மொட்டைமாடியில் காயப்போட்டுச் சோதித்தார். பாதி வெடித்தன. மீதியைப் பைக்கு எடுத்துக்கொண்டார். சமையலறையில் ஒரு கேன்கூட மிஞ்சவில்லை.

பாலைவனத்து ஆடு மேய்ப்பவர் ஒருவரின் போன் நம்பர் எப்படியோ கிடைத்திருந்தது. அவரோடு பேசும்போது குரலே குழைந்துவிடும். "அண்ணே, அந்தப் பட்டமரத்துக் கிணறு எப்படி இருக்கு? கலங்கலா இருந்தாப் பரவாயில்லண்ணே. கரிக்குதா, அதைச் சொல்லுங்க. கயிறு எவ்வளவு நீளம் வேணும்?" காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விசாரிப்பது போல விசாரிப்பார். மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். இன்றைக்குக் கீழே குழாயில் தண்ணீர் வந்ததா என்று அவளிடம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தக் கட்டடத்தில் மோட்டார் கெட்டு வெகுகாலம் ஆயிற்று. யார் சரிசெய்வது என்று வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, தண்ணீர் தரைத்தளத்துக் குழாயோடு நின்றுபோனது. அதுவும் அவர் கடைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் வரும். குளியலறை டிரம்மும் அடுக்களைக் குடங்களும் நிறையும் வரை அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே மாடிப்படியில் ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமையாவது இருக்கிறாரா என்றால், விடிந்ததும் ஊருக்கு வெளியே நடைப்பயிற்சிக்குப் போய்விடுவார்.

பையிலிருந்த தண்ணீர் வாரம் முழுக்க ஏறி இறங்கியது. அவர் வீண் செய்கிற ஆள் இல்லை. அதே தண்ணீரைத்தான் தினமும் சுமந்தார். வாரக்கடைசியில் நாற்றம் எடுத்ததும் கீழே சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்துக்கொள்வார். பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் அவள் கேட்டாள்.

"கடைசித் தடவை மேல வரீங்கள்ல? அப்ப அதை டிரம்ல ஊத்தினா என்னங்க?"

அவர் நின்று, நியாயமாகவே யோசித்தார்.

"ஊத்தலாம். ஆனா கடைசியா நான் எறங்கித்தான் முடிப்பேன். எறங்கறப்பத்தான் முழங்கால் பழகும். மணல்மேட்டுல ஏறிடலாம்மா, எறங்கறதுதான் கஷ்டம்."

"சரி, எனக்காக ஒரு நாள் ஏறி முடியுங்களேன்."

"மறுநாள் மறுபடி பிடிக்கணுமே. எடை கொஞ்சம் மாறினாலும் பழக்கம் கெட்டுப்போயிடும்" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக்கொண்டே இறங்கினார்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சமையலைக் குறை சொன்னதில்லை. தண்ணீர் சுமக்கிறவனுக்குச் சுமப்பதற்கே தண்ணீர் வேண்டும், தூரம் கூடக் கூடச் சுமையே சுமையைத் தின்றுவிடும் என்று கண்டுபிடித்த அன்று, வேலை செய்துகொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். "எவ்வளவு அதிசயம் பாரு!" என்றார். "அது எனக்கு முன்னாலயே தெரியும்" என்றாள். அவர் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

குடத்தை இறக்கி வைக்கும்போது அடிவயிற்றில் எதுவோ நழுவி இறங்குவது போல இருந்ததைச் சில மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். பிறகு கீழ்வீட்டுக்காரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரைக்கும் கனமான எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லி ஒரு தேதியும் கொடுத்தார். அவளோடு தங்க ஆள் வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதி, அவர் பாலைவனத்தின் நடுவில் இருக்கப்போகும் தேதி.

சொன்னபோது அவர் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். கண்கூடக் கலங்கியது. மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது முடிவைச் சொன்னார்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேம்மா. பாலைவனத்துக்கு சீசன் இருக்கு. இந்தக் குளிரை விட்டா அடுத்த வருஷந்தான், கேன் எல்லாம் வேற புதைச்சாச்சு. ஆபரேஷனுக்கு சீசன் கிடையாதே. நான் வந்ததும் வச்சுக்கலாம்."

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுவரைக்கும் தண்ணிய யாரு தூக்கறது?"

அவர் முகம் மாறியது. வரைபடத்தில் ஒரு கிணற்றை விட்டுவிட்டோமே என்ற திகில் அது. அவளுக்கு அப்போது, அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும், நெஞ்சில் நம்பிக்கை தட்டியது. பயணத்தைத் தள்ளிப்போடுவார் என்று நினைத்தாள். அவர் பேனாவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த ராத்திரியே திட்டம் தயார். "முழுக்குடம் தூக்காத. அரைக்குடம் தூக்கு. டாக்டர் சொன்னது கனம்தானே? கனம் பாதியாயிடுச்சு, பாத்தியா? நடைதான் ரெண்டு பங்கு. அதுக்கும் வழி இருக்கு. ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு குடத்தை நிறுத்தி வை. கீழேருந்து முதல் திருப்பம் வரைக்கும் எல்லாத்தையும் கொண்டாந்துடு. உக்காரு. அப்புறம் அடுத்த திருப்பம். நாங்க கேன் புதைச்சு வைக்கறோம்ல, அதே முறைதான்!" எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் அவளுக்காக உட்கார்ந்து யோசித்தது அது. முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்பைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அவர் மேல் முதன்முதலாக வெறுப்பு வந்தது. வந்தது போகவில்லை.

இருந்தும் அவர் சொன்னபடி செய்து பார்த்தாள். வேறு என்ன செய்வாள்? கீழ்வீட்டுக்காரி வேலைக்குப் போகாத நாளில் இரண்டு குடம் ஏற்றிக் கொடுப்பாள்; மற்ற நாளில் அரைக்குடம்தான். முதல் திருப்பத்தில் நிறுத்திய குடத்தை இரண்டாம் மாடிக்காரர் செருப்புக்காலால் தட்டிவிட்டு, "படி என்ன, குடம் வைக்கற இடமா?" என்று கத்தினார். தண்ணீர் படிப்படியாக இறங்கிக் கீழே போனது. அவள் அந்த ஈரப்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அவர், "திருப்பத்துல நடுவுல வச்சியா, ஓரமா வச்சியா?" என்றார்.

தொலைவில் கைக்குழந்தையோடு இருக்கும் மகள் போனில் கொதித்தாள். "அப்பாகிட்ட குடும்மா, நான் பேசறேன்." கொடுத்தாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். முதலில், "ஆமாம்மா, அம்மாவுக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார். கொஞ்ச நேரத்தில், "பட்டமரத்துக் கிணத்துல கரிக்கலயாம், இப்பத்தான் கேட்டேன்" என்றார். அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் தையல் மெஷினை மிதித்தாள். தைத்துக்கொண்டிருந்தது அவருடைய பைதான். தோளை அறுக்கிறது என்று சொல்லியிருந்தார், வாருக்கு அடியில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் காலை. கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வழியில் எங்கே நல்ல தண்ணீர் கிடைக்குமோ என்று அவர் கேன்களை வீட்டு டிரம்மிலிருந்தே நிரப்பிக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவள் அரை அரையாக ஏற்றிய தண்ணீர். டிரம்மின் அடியில் சொம்பு உரசும் சத்தம் கேட்டது. பையை இழுத்துக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார். கயிறு, தொப்பி, வரைபடம், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவளையும் பார்த்து, "ஒடம்பைப் பாத்துக்கோ" என்றார். நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்.

பிறகு பைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சட்டை போட்டுவிடக் காத்திருக்கும் பிள்ளையைப் போல இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினார்.

"கொஞ்சம் தூக்கி விடும்மா."

அவள் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாரன் மறுபடி அடித்தது.

"முதுகை வளைக்காத. முழங்காலை மடக்கித் தூக்கு" என்றார் அவர், திரும்பாமலேயே. "இல்லன்னா இடுப்பு போயிடும்."

அவள் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறு கையைப் பையின் பிடியில் கொடுத்து, அவர் சொன்னபடியே முழங்காலை மடக்கித் தூக்கினாள்.